சான்றிதழ் கிடைத்தும் வேலையில் நிலைக்க முடியவில்லை: வேலூரில் என்ன செய்யலாம்?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் கஸ்பா பக்கம், பெண்கள் பீடி சுற்றியும் ஆண்கள் மூட்டை தூக்கியும் கட்டட வேலைக்குப் போயும் பிழைக்கின்ற ஒரு தெருவில், நண்பர்களுடன் மாலை நேரப் படிப்பகம் நடத்தி வருகிறேன். எங்கள் தெருப் பெண்கள் சிலர் இலவசத் தையல் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்று, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் சேர்ந்தார்கள். ஆனால் ஒரு மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் பீடி இலை நறுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு உழைப்பு புதிதன்று, சோம்பலும் காரணமன்று. அடுத்த பயிற்சிக்கு ஆள் சேர்க்க வருபவர்களிடம் நாங்கள் எதைக் கேட்டுத் தெளிந்த பிறகு பிள்ளைகளை அனுப்ப வேண்டும்? பத்தாம் வகுப்பில் தேறாத பையன்களுக்கு என்ன வழி?

மறுமொழி 1 (ஆம்பூர், ஷூ கம்பெனி மேற்பார்வையாளர்):

முதலில் எந்த மிஷினில் பயிற்சி தருகிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் கால் மிஷினிலோ சாதாரணத் தையல் மிஷினிலோ துணியை வைத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் லைனில் இருப்பதோ தூண் போல உயர்ந்து நிற்கும் மோட்டார் மிஷின். அதில் ஷூவின் மேல்பாகத்தை வளைத்து வளைத்துத் தைக்க வேண்டும். துணியில் தையல் பிசகினால் பிரித்துவிட்டு மீண்டும் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை அப்படியே நின்றுவிடும், அந்தத் துண்டே வீண். புதிதாக வந்த பெண் இரண்டு துண்டுகளைக் கெடுத்ததும் பயந்துபோகிறாள். அந்த நேரத்தில் எவராவது கடுஞ்சொல் சொல்லிவிட்டால் மறுநாள் வருவதில்லை. பயிற்சியின் கடைசி வாரங்களையாவது ஏதேனும் ஒரு கம்பெனிக்குள்ளேயே, கழிவுத் தோலில் தைத்துப் பழக ஏற்பாடு செய்ய முடியுமா என்று வற்புறுத்திக் கேளுங்கள். பீடி சுற்றிப் பழகிய விரல்களுக்கு வேகமும் நுணுக்கமும் முன்பே இருக்கின்றன என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது பழகுவதற்கான அவகாசம்தான்.

மறுமொழி 2 (ராணிப்பேட்டை, பெண் தொழிலாளி):

நானும் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவள்தான். பீடிக்கு வாரக் கடைசியில் கூலி கைக்கு வந்துவிடும். கம்பெனிச் சம்பளமோ மாதம் முடிந்துதான் வரும். இடையில் பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, வாரத் தவணை கேட்டு வாசலில் நிற்பவர் என எல்லாவற்றுக்கும் கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும். வேலையை விட்டவர்களில் பலர் அந்த முதல் மாதத்தைத் தாண்ட முடியாமல் விட்டவர்களே என்பது என் உறுதியான கருத்து. கம்பெனி வண்டி உங்கள் பகுதிவரை வருமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்ந்த முதல் நாளிலிருந்தே பிடிக்கப்படுமா, முன்பணம் கிடைக்குமா என்பவற்றை, சேருவதற்கு முன்பே பெண்ணின் தாயும் உடனிருக்கும்போது கேட்டுவிடுங்கள் அண்ணா.

மறுமொழி 3 (ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்):

பத்தாம் வகுப்பில் தேறாத பையன்கள் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் அரசு ஐ.டி.ஐ.யில் சேரலாம். ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பேருந்து அட்டையும் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் பெறலாம். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் உள்ளது. மூன்று மாதச் சான்றிதழைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், ஊதியத்தோடு தொழிற்சாலைக்குள்ளேயே பழகும் வாய்ப்பும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் சேர்க்க வருபவர் எந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்கிறார் என்று பாருங்கள். தீன தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா திட்டம் கிராமப்புற இளைஞர்களுக்கு மட்டுமே உரியது. மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர் அதற்கு விண்ணப்பித்தால் முகவரியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2011-இல் எல்லை விரிந்தபோது மாநகராட்சிக்குள் வந்த சத்துவாச்சாரி போன்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறாதீர்கள். ஐந்தாண்டு பதிவு இருந்து வருமான வரம்புக்குள்ளும் வந்தால், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என உதவித்தொகை உண்டு. தொகை சிறிதுதான், ஆனாலும் தேர்வுக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் கைகொடுக்கும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. மிஷின், வண்டி, முதல் மாதச் செலவு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளைத் தாளில் எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டிவிட்டோம். பயிற்சி தருபவர் அவற்றுக்குப் பதில் சொன்ன பிறகே பெயர் கொடுப்பது என்று பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவினர், புதிதாக வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதல் சம்பளம் வரும்வரை பேருந்துச் செலவைக் குழுச் சேமிப்பிலிருந்து கைமாற்றாகக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். இப்படி ஏற்கெனவே செய்து பார்த்த குழுக்கள் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் இருந்தால், கைமாற்றை எப்படித் திரும்ப வாங்குகிறீர்கள் என்பதை இங்கேயே எழுதுங்கள்.