நீர்ப்பிரமி கேப்சூலைச் சோதிக்க ஆய்வகத்தில் என்ன கேட்க வேண்டும்?

கற்பகம்:
அப்பாவுக்கு 73 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன வருடத்திலிருந்து பழைய மாணவர்களின் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. ஞாபகசக்திக்கு நல்லதென்று இணையத்தில் நீர்ப்பிரமி கேப்சூல் வாங்கிக் கொடுத்தேன். 'பேக்கோசைடு 50%' என்று லேபிளில் இருக்கிறது, அந்தச் செடியின் முக்கியச் சத்தாம். முதல் பாட்டிலில் கேப்சூலைப் பிரித்தால் கரும்பழுப்புத் தூள், நாக்கில் வைத்தால் கசப்பு லேசில் போகாது. இரண்டாவது பாட்டிலும் அதே கம்பெனி, அதே லேபிள்தான். ஆனால் தூள் வெளிறிப்போய் மாவு மாதிரி இருக்கிறது, கசப்பே இல்லை.

விற்றவர்களிடம் கேட்டேன். ஓர் ஆய்வறிக்கையை அனுப்பினார்கள். அதில் 52% என்று போட்டிருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. செலவானாலும் பரவாயில்லை, நானே அனுப்பிப் பார்க்கிறேன் என்று ஆய்வகத்துக்குப் போன் செய்தால், "எந்த டெஸ்ட் மேடம்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும்?

மருதமுத்து:
டிஎன்ஏ சோதனை செய்யச் சொல்லுங்கள். எந்தச் செடி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய ஆய்வகத்தான்:
மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் 11 வருடம் இருந்தேன்.

மருதமுத்து சார், இலைப் பொடிக்கு டிஎன்ஏ சரி. இந்தக் கேப்சூலில் இருப்பது சாறு. காய்ச்சி, வடிகட்டி, உலர்த்துவதற்குள் டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்துவிடும். 2015-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் கடைகளில் விற்ற ஜிங்கோ உள்ளிட்ட மூலிகை மாத்திரைகளை இந்த முறையில் சோதித்து, பலவற்றில் அந்த மூலிகையே இல்லை என்று அறிவித்தது. அப்போது வல்லுநர்கள் பலர் சொன்ன ஆட்சேபம் இதுதான்.

கற்பகம், அந்த அறிக்கையில் 52%-க்குப் பக்கத்தில் என்ன முறை என்று எழுதியிருக்கிறது? 'யூவி' என்றிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். தூளைக் கரைத்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் யூவி. அதே ஒளியை உறிஞ்சும் வேறு எது கலந்திருந்தாலும் அதுவும் பேக்கோசைடு கணக்கில் ஏறிவிடும். ஹெச்பிஎல்சி என்ற சோதனை அப்படியில்லை, கலவையில் உள்ள ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும். பேக்கோசைடு ஏ என்பதே நான்கு சபோனின்களின் (நுரைக்கும் தன்மையுள்ள தாவரச் சேர்மங்கள்) கலவை. நல்ல சரக்கென்றால் திரையில் வரும் கோட்டில் நான்கு பீக், அதாவது நான்கு முகடுகள், தனித்தனியாக எழுந்து நிற்கும். யூவியில் 50 காட்டிய தூள் ஹெச்பிஎல்சியில் பாதிகூட வராததை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் நம்பிச் சாப்பிடும் பொருளில் இப்படிச் செய்கிறார்களே என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதனால், "ஹெச்பிஎல்சியில் பேக்கோசைடு ஏ, நான்கும் தனித்தனி அளவோடு, குரோமட்டோகிராமும் வேண்டும்" என்று கேளுங்கள். குரோமட்டோகிராம் என்பது அந்த பீக்குகள் தெரியும் வரைபடம். கூடவே கன உலோகங்களும் பார்த்துவிடுங்கள். நீர்ப்பிரமி ஈரத்தில் படரும் செடி, தண்ணீரில் இருக்கும் காட்மியத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆயுர்வேத மருந்துகளுக்கான வரம்பு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு).

ஆய்வகங்களுக்குத் தரும் என்ஏபிஎல் என்ற தேசிய அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இந்தச் சோதனை அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்புறம், பிரித்த பாட்டிலை அனுப்பாதீர்கள். அதே பேட்ச் எண்ணில் சீல் உடைக்காதது வேண்டும்.

செல்வராணி:
கேப்சூல் இருக்கட்டும் கற்பகம், அப்பாவுக்கு பி12, தைராய்டு பார்த்தீர்களா? எங்கள் மாமியாரும் இப்படித்தான் பெயரெல்லாம் மறந்தார்கள். நாங்கள் ஆறு மாதம் லேகியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நரம்பியல் மருத்துவரிடம் போனபோது பி12 மிகவும் குறைவு என்று தெரிந்தது. ஊசி போட்ட பிறகு நன்றாகத் தேறினார்கள். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. இந்தக் கேப்சூல் கொடுப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பழைய ஆய்வகத்தான்:
அக்கா சொல்வதை முதலில் செய்யுங்கள். இன்னொன்று: எப்போதாவது கேப்சூல் போட்டதுமே சுறுசுறுப்பு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அமெரிக்காவில் பீட்டர் கோஹன் குழு ஞாபகசக்திக்கென்று விற்ற 10 பொருட்களைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே அனுமதி பெறாத 5 மருந்துகள் அவற்றில் கிடைத்தன. அப்படி மருந்து கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எல்சி-எம்எஸ் என்ற வேறொரு சோதனை வேண்டும்.

கற்பகம்:
அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். முறை யூவி என்றுதான் இருக்கிறது. பேட்ச் எண்ணும் என் பாட்டிலில் உள்ளது இல்லை. இரண்டாவது தடவை ஜோடியாக வாங்கியதால் சீல் உடைக்காத பாட்டில் ஒன்று அலமாரியில் இருக்கிறது, அதை நாளைக்கே அனுப்புகிறேன். பி12 இதுவரை பார்க்கவே இல்லை அக்கா. காலையில் அப்பாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன், கேப்சூலையும் இன்றே நிறுத்திவிட்டேன். குரோமட்டோகிராம் வந்ததும் இங்கேயே போடுகிறேன் சார், அந்த நான்கு பீக்கும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.