கொச்சிக் கோட்டைக்கு ஒரே நாள்: 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதை, எந்த வரிசையில் காட்டுவது?

ஆழியாத்தங்கரை:
பொள்ளாச்சிப் பக்கம் பள்ளிக்கூடம். 8ஆம் வகுப்பு, 42 பிள்ளைங்க, 4 ஆசிரியர். ‘ஐரோப்பியர்களின் வருகை’ பாடம் முடிஞ்சிருச்சு, கையோட கொச்சி கூட்டிட்டுப் போலாம்னு பஸ் பேசியிருக்கோமுங்க. விடியக்காலம் 4 மணிக்குக் கிளம்பி ராத்திரி 10க்குள்ள ஊர் வந்து சேரோணும்.

எந்தக் கிழமை போறது? எங்கிருந்து ஆரம்பிக்கறது? போர்ச்சுக்கீசியர் கட்டினது எது, டச்சுக்காரர் கட்டினது எது, இங்கிலீஷ்காரர் கட்டினது எதுன்னு பிள்ளைங்களே பார்த்துப் பிரிச்சுச் சொல்ற மாதிரி அடையாளம் ஏதாச்சும் இருக்குதுங்களா? தேடிப் பார்த்தா லுலு மாலும் படகுச் சவாரியும்தான் வருது.

வாளையார் வண்டி:
செவ்வாய், புதன், வியாழன், இந்த மூணுல ஒண்ணு. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் ஜெபாலயம் சனிக்கிழமை கிடையாது, வெள்ளி மத்தியானத்துக்கு மேலயும் நம்ப முடியாது. ஞாயிறு காலைல தேவாலயங்கள்ல ஆராதனை. திங்கள் போனா சின்ன அருங்காட்சியகங்கள் சிலது பூட்டியிருக்கும். செப்டம்பர், அக்டோபர்ல யூதர் பண்டிகை அடுத்தடுத்து வரும், தேதி பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழை, 42 பிள்ளைங்களை வெச்சுட்டு நடக்கற ஊர் இல்லை அது.

வழி: கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, நெம்மாரா, வடக்கஞ்சேரி. அங்க 544ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிச்சா குதிரான் சுரங்கம், மண்ணுத்தி, அங்கமாலி, ஆலுவா. சுமார் 150 கிலோமீட்டர். எட்டரைக்கு முன்னாடி இடப்பள்ளி, வைற்றிலா ரெண்டையும் தாண்டிரோணும். பிந்தினா ஒரு மணி நேரம் அங்கயே போயிரும். எர்ணாகுளம் ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். குண்டன்னூர்ல திரும்பி வில்லிங்டன் தீவு, தோப்பும்படி வழியா கோட்டைக்குப் போயிருங்க. திரும்பறப்போ நாலு மணிக்குள்ள பஸ் நகரோணும், அஞ்சைத் தாண்டினா வைற்றிலாவுல மாட்டிக்குவீங்க.

வண்டிக்காரர்கிட்ட கேரளாவுக்கான பர்மிட், வரி ரெண்டும் கட்டின ரசீதை முந்தின நாளே வாங்கிப் பாருங்க. பள்ளி டூர்கள்ல பாதி செக்போஸ்ட்ல நிக்கறது இதனாலதான்.

வரிசை: காலைல கோட்டைப் பக்கம், வெயில் ஏறினதும் மட்டாஞ்சேரி. கோட்டைக்குள்ள நடந்தே பார்க்கலாம். மட்டாஞ்சேரி ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்குது, அதுக்கு பஸ். யூதத் தெருவுக்குள்ள பெரிய வண்டி நுழையாது, அரண்மனைப் பக்கம் இறக்கிவிட்டு நடங்க. டச்சுக்காரங்க கட்டின அரண்மனை அது, உள்ள ராமாயணச் சுவரோவியம் இருக்குது, விட்றாதீங்க.

கொடுமணல் மணி:
மேலே சொன்ன கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். பெயர்தான் டச்சு அரண்மனை. கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர். 1555 வாக்கில் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மனுக்குக் கொடுத்தார்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே போனால் இரண்டும் தெரியாது. நடுவில் முற்றம் விட்ட மலையாள நாலுகெட்டு, முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடு பார்த்த பிள்ளைகளுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும். கட்டியவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது, அமைப்பு உள்ளூருடையது. கொச்சி முழுவதும் இப்படித்தான், ஆகவே ‘இது யார் கட்டியது’ என்று மட்டும் கேட்டால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ‘யார் யார் கைமாறியது’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

அதற்குத் தோதான முதல் இடம் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503இல் போர்ச்சுக்கீசியர் மரத்தில் கட்டியது, 1516இல் கல்லாக மாறியது. 1663இல் ரைக்லாஃப் வான் கோயன்ஸ் தலைமையில் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது கத்தோலிக்கக் கோயில்கள் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். இதை மட்டும் தங்கள் புராட்டஸ்டன்ட் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் போனது. 1804இல் தேவாலயம் ஆங்கிலிகன் சபைக்குப் போனது, இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. முன்பு தரையில் கிடந்த கல்லறைக் கற்களை எடுத்து எதிரெதிர்ச் சுவர்களில் பதித்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் போர்ச்சுக்கீசியருடையவை, மறுபக்கம் டச்சுக்காரருடையவை. எந்தப் பக்கம் எது என்று எழுத்தை வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அரை மணி நேரம் நன்றாகப் போகும்.

வாஸ்கோ ட காமாவைப் பற்றி ஒன்று. அவர் 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார், இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளைப் போர்ச்சுக்கலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது இடத்தின் அடையாளம் மட்டும். ‘காமா முதலில் வந்து இறங்கிய ஊர் கொச்சி’ என்று எழுதிவிடப் போகிறார்கள். 1498இல் அவர் வந்தது கோழிக்கோட்டுக்கு. அங்கே மன்னர் சாமூதிரியோடு முறுகல் ஏற்பட்ட பிறகு, 1500இல் போர்ச்சுக்கீசியத் தளபதி கப்ரால்தான் கொச்சிக்கு வந்தார். சாமூதிரிக்கு அடங்கி இருந்த கொச்சி மன்னருக்கும் ஒரு துணை தேவைப்பட்டது. 1503இல் கோட்டை எழுந்தது அந்தக் கணக்கில்தான். 1530இல் தலைமையிடம் கோவாவுக்கு மாறும்வரை போர்ச்சுக்கீசியருக்கு இதுவே தலைநகர்.

இனி அடையாளம். கோட்டைச் சுவரை டச்சுக்காரர் சுருக்கினார்கள், 1806இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். ஆகவே ‘கோட்டை எங்கே?’ என்று பிள்ளைகள் தேடினால் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிஞ்சியது கொஞ்சம் அடித்தளமும், பழைய கொத்தளத்தின் மேல் நிற்கும் பாஸ்டியன் பங்களாவும். தெருவில் நடக்கும்போது வாசலைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் நேராகத் தெருவிலேயே நின்று, பக்கத்து வீட்டோடு ஒட்டி, கனத்த கதவோடு இருந்தால் பெரும்பாலும் டச்சு வழி. பிரின்சஸ் தெரு, பர்கர் தெரு அப்படி. சுற்றிலும் காம்பவுண்டு, மரம், முன்னால் தூண் வைத்த வராந்தா என்று தள்ளி உட்கார்ந்திருந்தால் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர் வீடு. பரேடு மைதானத்தைச் சுற்றி இரண்டும் கிடைக்கும். அதே மைதானத்தின் ஓரத்தில் ஒரு வாசல் வளைவில் வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தும் 1740 என்ற ஆண்டும் இருக்கும். கோவைச் சிறையில் செக்கிழுத்தவரை நினைத்துப் பிள்ளைகள் குதிக்கும். இது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை.

சாண்டா குரூஸ் பேராலயம் பார்க்கப் பழையது போல இருக்கும். ஏமாற வேண்டாம். பழையதை டச்சுக்காரர் ஆயுதக் கிடங்காக்கினார்கள், ஆங்கிலேயர் இடித்தார்கள். இப்போது நிற்பது 1905இல் அர்ச்சிக்கப்பட்டது.

ஏத்தக்கால்:
கரையோரத்துச் சீன மீன்வலையைப் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துராதீங்க, அறிவியல் பாடமே அங்கதான் இருக்குது. பத்து மீட்டர் உசரத்துக்கு மரக்கட்டுமானம், முன்னால 20 மீட்டர் அகலத்துக்கு விரிஞ்ச வலை, பின்னால கயித்துல தொங்கற பாறாங்கல். கல்லெல்லாம் ஒரே நீளக் கயித்துல இருக்காது, ஏணிப்படி மாதிரி நீளம் மாறும். வலை மேல வர வர, பின்னாடி கல் ஒவ்வொண்ணா மேடையில உட்கார்ந்துரும். வலை தண்ணிக்குள்ள இருக்கறப்போ ஒரு எடை, மேல வர்றப்போ வேற எடை இல்லீங்களா? அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. எல்லாக் கல்லும் ஒரே நீளத்துல இருந்தா தூக்கி முடிக்கறப்போ சட்டம் வெடுக்குனு பின்னால சாயும்.

இறக்கறதுக்கு பலமே வேண்டாம், ஒரு ஆள் நடுச்சட்டத்து மேல நடந்து போனாப் போதும், அவர் எடையில வலை இறங்கிரும். ஆளேறி மிதிக்கற ஏத்தத்தைப் பிள்ளைங்க பார்த்திருக்காது, வீட்டுல தாத்தாவைக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. தூக்கறதுக்குத்தான் நாலஞ்சு பேர் கயிறு இழுக்கோணும். ஒவ்வொரு முறையும் தண்ணியில சில நிமிசம்தான் போட்டு வெப்பாங்க. காலைல சீக்கிரம் போனா வேலை நடக்கறதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல போனா சுற்றுலாக்காரர்களுக்கு இழுத்துக் காட்டிக் காசு கேக்கறதுதான் நடக்கும். தேக்கு விலை ஏறினதால இப்போ பல வலையில இரும்புக் குழாய் வந்துருச்சு. ஆகாயத்தாமரை வந்து சிக்கினா வலை கிழியும், அடியில சேறு தூர்ந்தா ஆழம் பத்தாது. வலை குறைஞ்சுட்டு வர்றது இதுனாலதான்.

வில்லிங்டன் தீவு மேல பஸ் போறப்பவே ஒரு விசயம் சொல்லிருங்க: பெரும்பகுதி கடவுள் போட்ட மண்ணு இல்லை, மெசின் போட்டது. கொச்சிக் கழிமுகத்துக்கு வெளியில ஒரு மணல்திட்டு குறுக்க கிடந்துச்சு. பெரிய கப்பல் உள்ள வர முடியாம வெளிக்கடல்லயே நின்னு, சரக்கைச் சின்னப் படகுல ஏத்தி இறக்கினாங்க. தென்மேற்குப் பருவமழையில அதுவும் நடக்காது. 1920ல வந்த ராபர்ட் பிரிஸ்டோ, திட்டை வெட்டினா கரை அரிக்குமான்னு முதல்ல அளந்து பார்த்துட்டு, அப்புறம் வெட்டினார். தோண்டின மண்ணைக் காயல்ல கொட்டித் தீவாக்கினாங்க. பிரிஸ்டோ வந்தப்போ மதராஸ் கவர்னரா இருந்த வில்லிங்டன் பேரைத் தீவுக்கு வெச்சாங்க. 1928 மே மாசம் ‘பத்மா’ங்கிற கப்பல் அந்தக் கால்வாய் வழியா உள்ள வந்துச்சு. இன்னிக்கும் தூர் வாரறது நிக்கலை, நிறுத்தினா மழைக்கு மழை சேறு வந்து மூடிரும்.

ஆழியாத்தங்கரை:
இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கலீங்க. வியாழக்கிழமையே வெச்சுக்கறோம். இன்னொண்ணு: நம்ம பக்கத்துக்கும் கொச்சிக்கும் தொடர்பு இருக்குதான்னு தலைமையாசிரியர் கேக்கறார், அனுமதிக் கடிதத்துல எழுதறதுக்கு.

கொடுமணல் மணி:
எழுதலாம். முசிறி என்ற பழைய துறைமுகம் கொச்சிக்கு வடக்கே பெரியாற்று முகத்தில் இருந்தது. நம் பக்கத்து நொய்யல் கரைக் கொடுமணலில் செய்த கல்மணிகள் மேற்குக் கடற்கரைக்குப் போகப் பாலக்காட்டுக் கணவாயே வழி. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறிப் பக்கத்துத் துறையைத் தூர்த்துவிட்டுக் கொச்சியில் முகத்தை அகலத் திறந்தது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதாவது கணவாய் அதேதான், வாசல் தெற்கே நகர்ந்தது. உங்கள் பஸ் போகும் வழியும் அதே கணவாய்.

அரசியல் தொடர்பும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக் கொச்சி அவர்களுடையது. மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி மன்னருடையவை. கோட்டை மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. ஆகவே 1956 வரை கோயம்புத்தூரும் கோட்டைக் கொச்சியும் ஒரே சென்னை அரசின் கீழ்தான் இருந்தன. அங்கே வெளி என்ற பகுதியில் தோபிகானா இருக்கிறது, தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் இடம். நேரம் இருந்தால் பத்து நிமிடம் நில்லுங்கள். வேலை செய்பவர்களிடம் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

பஸ்ஸில் ஒரு விளையாட்டு வைக்கலாம். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, கோப்பை, பீப்பாய், ஏலம் எல்லாம் போர்ச்சுக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. துட்டும் கக்கூசும் டச்சு. கக்கூசு சொன்னதும் பஸ் அடங்க வாளையார்... இல்லை, கோவிந்தாபுரம் ஆகிவிடும்.

வாளையார் வண்டி:
மிளகாயும் அன்னாசியும் போர்ச்சுக்கீசியர் கொண்டாந்ததுதான், அதையும் சேர்த்துக்கோங்க. குழம்புல மிளகாய் இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சுன்னா பிள்ளைங்க நம்பாது.

ஜெபாலயத்துல செருப்பைக் கழட்டோணும், பையை வெளியில வைக்கச் சொல்லுவாங்க. 1568ல கட்டினது, தரையில கையால வரைஞ்ச நீலவெள்ளைச் சீன ஓடு. உள்ள இடம் சின்னது, 42 பேரும் ஒண்ணா நுழையாதீங்க. பத்துப் பத்தா பிரிச்சு அனுப்பிட்டு, மீதிப் பேரை வெளியில ஒரு ஆசிரியர் பார்த்துக்கோணும். அது மத்தியானம் ஒரு மணிக்கு மூடி மூணு மணிக்குத்தான் திறக்கும். பதினொண்ணரைக்கு மட்டாஞ்சேரி வந்தீங்கன்னா முதல்ல ஜெபாலயம், அப்புறம் அரண்மனை, அப்புறம் சாப்பாடு. மாத்திப் பண்ணினா ரெண்டு மணி நேரம் யூதத் தெருவுல கடை வேடிக்கை பார்த்துட்டு நிக்கோணும், நாலு மணிக்கு பஸ் கிளம்பாது.