துருப்பிடிச்ச நட்டு கழற்ற பேட்டரி இண்டக்‌ஷன் ஹீட்டர்: செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க

குளச்சல்:
கடல்காத்து தின்ன நட்டு ஸ்பானருக்கு மசியாது. கேஸ் வெல்டிங் சுடரைக் கிட்டக் கொண்டுபோனா டீசல் ஹோஸும் ரப்பர் புஷ்ஷும் முதல்ல கருகும். வள்ளத்துக்குள்ள (படகுக்குள்ள) வச்சு வேலை செய்ய, காயில்ல மின்சாரம் விட்டு காந்தப்புலத்தால நட்டைச் சூடாக்குற பேட்டரி ஹீட்டர்தான் தோது. எம்10 நட்டு (10 மி.மீ. போல்ட்டுக்கானது) வரைக்கும் 12 வோல்ட்டிலேயே சமாளிக்கலாம்.

சர்க்யூட் எல்லாருக்கும் தெரிஞ்ச இசட்விஎஸ்தான் (வோல்டேஜ் பூஜ்யமாகும்போது சுவிட்ச் மாறுற வகை). ஐஆர்எஃப்பி260என் மாஸ்ஃபெட் (மின் சுவிட்சா வேலை செய்யுற டிரான்சிஸ்டர்) ரெண்டு. ஒவ்வொரு கேட்டுக்கும் (அதை ஆன் பண்ணுற கால்) பிளஸ்ஸிலிருந்து 470 ஓம். கேட்டுக்கும் தரைக்கும் நடுவுல 10 கிலோ ஓமும் 12 வோல்ட் ஜீனரும். ஒரு கேட்டிலிருந்து அடுத்த மாஸ்ஃபெட்டோட ட்ரெய்னுக்கு (காயில் மாட்டுற கால்) யூஎஃப்4007 டயோடு, கோடு போட்ட முனை ட்ரெய்ன் பக்கம். பிளஸ்ஸிலிருந்து ரெண்டு ட்ரெய்னுக்கும் தனித்தனியா 100 மைக்ரோஹென்றி சோக். காயிலுக்கு இணையா 0.33 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் ஆறு.

மலிவா கிடைக்குதேன்னு ஐஆர்எஃப்இசட்44என் போடாதீங்க. ட்ரெய்ன்ல வர்ற உச்ச வோல்டேஜ் சப்ளையைப் போல 3.14 மடங்கு. நாலு லித்தியம் செல் முழுச் சார்ஜில் 16.8 வோல்ட், பெருக்கினா 53. அந்த மாஸ்ஃபெட்டோட எல்லையே 55. முதல் நாள் ஓடும், ரெண்டாம் நாள் புகையும்.

இன்னொண்ணு: மாஸ்ஃபெட்டோட முதுகுத் தகடும் ட்ரெய்னும் ஒண்ணுதான். மைக்கா இல்லாம ரெண்டையும் ஒரே ஹீட் சிங்க்ல முறுக்கினா காயிலே ஷார்ட்.

தக்கலை:
சர்க்யூட்டைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, காயிலைப் பத்தி யாரும் பேசுறதில்லை. முக்கால்வாசித் தோல்வி அங்கதான்.

ஏசி மெக்கானிக் வாங்குற கால் இஞ்சு காப்பர் குழாய் எடுங்க. 100 கிலோஹெர்ட்ஸ்ல மின்னோட்டம் செம்போட மேல்தோல்ல 0.2 மி.மீ. ஆழத்துலதான் ஓடும்; அதனால உள்ளே வெறுமையா இருந்தா நஷ்டமில்லை. வளைக்கும்போது நசுங்காம இருக்க, நல்லாக் காஞ்ச பொடியுப்பைத் தட்டித் தட்டி நிரப்பி ரெண்டு முனையையும் அடைச்சிடுங்க. மணலைவிட உப்பு மேல்: சுத்தி முடிச்சதும் தண்ணியிலே கரைஞ்சு போயிடும். புத்தளம் உப்பளம் பக்கத்துல இருக்கும்போது மணலுக்கு ஏன் அலையணும்? ஆனா நல்ல தண்ணி விட்டு நாலு தடவை கழுவி உலர்த்தணும், இல்லேன்னா உள்ளுக்குள்ளேயே பச்சை பூக்கும்.

25 மி.மீ. கண்ட்யூட் பைப்பைச் சுத்தி ஆறு சுற்றை ஒரே வரிசையா போடுறதுதான் வழக்கம். நட்டு கழற்ற அது உதவாது. காயில் நீளம் கிட்டத்தட்ட 5 செ.மீ., எம்10 நட்டு உயரம் 8 மி.மீ.தான். ஃபிளாஞ்சுல ஒட்டி உட்கார்ந்த நட்டுக்குக் காயிலோட வாய்தான் எட்டும். வாயில காந்தப்புலம் நடுவுல இருக்குறதுல பாதிதான். அதனால உள்ளே மூணு, அதுக்கு மேல மூணுன்னு ரெண்டு அடுக்கா சுத்துங்க. இண்டக்டன்ஸ் 0.95 மைக்ரோஹென்றி பக்கம் வரும், அலைவு சுமார் 115 கிலோஹெர்ட்ஸ். 12 வோல்ட்டுல காயிலுக்குள்ள சுழல்ற கரண்ட் உச்சத்துல 55 ஆம்பியர். ஒரே வரிசைக் காயில்ல அது 70. கெப்பாசிட்டர் சூடாகுறதும் அதுக்கேத்தபடி குறையும்.

சுத்துறதுக்கு முன்னாடியே குழாய்ல கண்ணாடி இழை ஸ்லீவ் மாட்டிடுங்க, அடுக்கு ரெண்டும் ஒண்ணோடொண்ணு தொடக்கூடாது. காயில் முனையை வெறும் ஈயப்பத்துல நம்பி விடாதீங்க. 183 டிகிரியில அந்தப் பத்து உருகிடும். லக் அடிச்சு போல்ட் போட்டு முறுக்குங்க.

மார்த்தாண்டம்:
அண்ணாச்சி காயிலைச் சொல்லிட்டாரு, நான் பேட்டரியைச் சொல்லுறேன். இந்த சர்க்யூட்டுக்கு சப்ளை சட்டுன்னு ஏறணும். மெதுவா ஏறினாலோ, ஓடும்போது வோல்டேஜ் தொங்கினாலோ, ரெண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்தே ஆன் ஆகி நின்னுடும். அப்புறம் அலைவே கிடையாது, நேரடி ஷார்ட்தான். பழைய லேப்டாப் செல் போட்டவங்க மாஸ்ஃபெட்டைத் திட்டுறது இதனாலதான். 20 ஆம்பியர் தொடர்ந்து தாங்குற 18650 செல், நாலு தொடர்ல, ரெண்டு இணையா. 6 சதுர மி.மீ. ஒயர், அரை மீட்டருக்குள்ள. பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே 25 ஆம்பியர் ஃபியூஸ். போர்டு பக்கத்துல 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர்.

வீட்டு லைட் சுவிட்சைப் போடாதீங்க, டிசியில பொறி அணையாம முனை ஒட்டிக்கும். கார் ஹெட்லைட் ரிலே, அதுக்கு ஒரு சின்ன பட்டன். பட்டனை விட்டா அணையணும், அதுதான் முக்கியம்.

நட்டு இல்லாம ஆன் பண்ணி ஆம்பியர் பாருங்க. சும்மா இருக்கும்போது கொஞ்சமா இழுத்து, நட்டு உள்ளே போனதும் ஏறினா சரி. எடுத்த எடுப்பிலேயே கன்னாபின்னான்னு இழுத்தா உடனே விடுங்க.

சின்னமுட்டம்:
சூடு எவ்வளவுங்கிறதைவிட எவ்வளவு சீக்கிரங்கிறதுதான் கணக்கு. எம்10 நட்டு 300 டிகிரி ஏறினா அதோட துளை 0.036 மி.மீ. விரியும், அவ்வளவுதான். நட்டு மட்டும் சூடாகி போல்ட் ஆறியிருக்கும்போதுதான் அந்த இடைவெளி உண்டு. மூணு நிமிஷம் மெல்லச் சுட்டா போல்ட்டும் கூடவே விரிஞ்சிடும், பலன் பூஜ்யம். நட்டு 11 கிராம். உள்ளே 120 வாட் இறங்கினா கணக்குப்படி 15 நொடி, கசிவையும் சேர்த்தா அரை நிமிஷம். அதுக்குள்ள அசையலைன்னா நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி. சூடா இருக்கும்போதே மெழுகுவத்தியைத் தொட்டா மெழுகு மரைக்குள்ள இறங்கும்.

அவுட்போர்டு எஞ்சின்ல கதை வேற. உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. போல்ட்டைச் சுட்டா அது துளைக்குள்ளேயே இறுகும். அங்க சுட்டு, முழுசா ஆறவிட்டு, அப்புறம்தான் திருப்பணும். விரிஞ்சு சுருங்கும்போது நடுவுல இருக்குற வெள்ளைப் பொடி உடையும். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் போல்ட்னா இந்த 12 வோல்ட் ஹீட்டர்கிட்ட ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ஃபைபர் வள்ளத்துல ரெசின் கருகும், சுத்தி ஈரத்துணி கட்டுங்க.

நாகம் (ஜிங்க்) பூசின நட்டு சிவக்கச் சூடானா வெள்ளைப் புகை வரும், காத்து வர்ற பக்கம் நில்லுங்க. சுடர் இல்லைங்கிறதால டீசல் பயமில்லைன்னு நினைக்காதீங்க; 210 டிகிரி பக்கத்துல அது தானாவே பத்தும். மோதிரத்தைக் கழட்டுங்க. பேஸ்மேக்கர் வச்சவங்க இதைத் தொடவே வேண்டாம்.

குலசேகரம்:
ரப்பர் ஷீட் ரோலருக்கும் இதையே வச்சுக்கலாம், ஃபார்மிக் ஆசிட் பட்டுப் பட்டு அங்க நட்டெல்லாம் ஒரே கட்டியா இருக்கும். ஆனா வார்ப்பிரும்பு உடம்புல காயிலை அண்டவிடாதீங்க, ஒரு இடம் மட்டும் சட்டுன்னு சூடானா விரிசல் விடும். நட்டு மட்டும். நைலான் வளையம் வச்ச நட்டுன்னா உள்ளே உருகிடும், புதுசு மாத்துங்க. 8.8 போல்ட் (தலையில 8.8னு பலக் குறி போட்டது) சிவக்கிற அளவு சூடாயிருந்தா அதையும் திரும்பப் போடாதீங்க.

தக்கலை:
காயிலுக்கும் ஓய்வு வேணும் மக்கா. தண்ணி ஓடாத குழாய், 40 நொடி ஓட்டினா ரெண்டு நிமிஷம் விடுங்க. போர்டுக்கு வார்னிஷ் ரெண்டு கை அடிச்சிடுங்க. சும்மா அலமாரியில வச்சிருந்தாலே நம்ம ஊர் காத்துக்கு ட்ராக் பச்சையாகும். காயில் மாட்டுற இடத்துல மட்டும் வார்னிஷ் படாம டேப் ஒட்டிக்கிடுங்க.