மின்சாரக் குட்டி யானை: 6.50 லட்சம் போட்டால் கட்டுப்படியாகுமா?

மாதவரம்_லோடு:
டாடா ஏஸ் ப்ரோவை 2025 ஜூனில் இறக்கியபோது ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 3.99 லட்சம், மின்சாரத்துக்கு 6.50 லட்சம். கூட 2.5 லட்சம் போட்டு மின்சார வண்டியை எடு என்று என் மச்சான் நச்சரிக்கிறான். வாடகை லோடு அடிக்கிறவனுக்கு அது சரிவராது என்பதுதான் என் கட்சி. இன்றைக்குப் பாரிமுனையிலிருந்து அம்பத்தூர், நாளைக்குச் செங்கல்பட்டு, மறுநாள் லோடே இல்லாமல் ஸ்டாண்டில் நிற்போம். ஒரு சார்ஜில் 155 கி.மீ. ஓடும் என்கிறார்கள், முழு லோடோடு மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்கினால் 100 தாண்டுமா?

கேன்_வாட்டர்:
அண்ணே, எல்லோருக்கும் செங்கல்பட்டு லோடு வருவதில்லை. எங்களுடையது தண்ணீர் கேன் லைன், மின்சார வண்டியில்தான் ஓடுகிறது. 20 லிட்டர் கேன் 35 ஏற்றினால் 700 கிலோ ஆகிவிடும், ஏஸ் ப்ரோ சுமக்கிற 750 கிலோவுக்குள் அடங்குகிறது. தெருவுக்கு நாலு இடத்தில் நிறுத்தி, இரண்டு கேன் இறக்கி, காலி கேனை வாங்கிப் போட்டு, மறுபடி பத்து அடி நகர்த்த வேண்டும். பெட்ரோல் வண்டியில் இதைச் செய்தால் பாதி எண்ணெய் நின்ற இடத்திலேயே எரியும், சாயங்காலம் கிளட்ச் மிதித்த இடது முட்டி சொல்கிற பேச்சைக் கேட்காது. இதில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை.

கணக்கு_நோட்டு:
இரண்டு பேரும் கிலோமீட்டரைச் சொல்லுங்கள், அப்புறம் சண்டை போடலாம். பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய், லோடோடு 18 கி.மீ. கொடுக்கும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். மின்சார வண்டியின் பேட்டரி 14.4 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 16 யூனிட், யூனிட் 10 ரூபாய், ஓட்டம் வெறும் 100 கி.மீ. என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் கிலோமீட்டருக்கு 1.60தான். மிச்சம் ஏறத்தாழ 4 ரூபாய். அந்தக் கூடுதல் 2.5 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 4 வருஷக் கடனாக வாங்கினால் தவணை சுமார் 6,600 ரூபாய். மாதம் 25 நாள், தினம் 70 கி.மீ. ஓடினால் மிச்சம் 7,000, தவணைக்குச் சரியாகப் போகும். 40 கி.மீ. மட்டும் ஓடினால் மிச்சம் 4,000தான், மீதி 2,600ஐ கையிலிருந்து போட வேண்டும். 100 கி.மீ. ஓடுகிறவர் யோசிக்கவே வேண்டாம், எடுக்கலாம்.

மாதவரம்_லோடு:
சரி, அந்த 10 ரூபாய் மின்சாரத்தை எங்கே ஏற்றுவது? நான் இருப்பது வாடகை வீட்டின் மாடியில், வண்டி நிற்பது தெருவில். ஜன்னல் வழியாக வயர் தொங்கவிட்டு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் வீட்டு ஓனர் விடுவாரா? 15 ஆம்ப் பிளக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுத்தால் பிளக் சூடேறும், அதனால் பேட்டரி நிறையக் குறைந்தது 5 மணி நேரமாவது வேண்டும். மழைக்காலத்தில் அந்த வயரை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அதோடு வீட்டு மீட்டரில் போட்டால் இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டி ஸ்லாப் மாறும், மொத்த பில்லும் எகிறும், தொழில் வண்டிக்கு வீட்டு இணைப்பா என்று கேள்வியும் வரும். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22லிருந்து பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிவிட்டது. மின்சாரத்துக்கு முன்பிருந்தே 5தான், அதில் குறைய ஒன்றும் இல்லை. விலை வித்தியாசம் இன்னும் கூடத்தான் செய்தது.

கேன்_வாட்டர்:
ஜிஎஸ்டி நியாயம். சார்ஜுக்கு எங்களுக்குக் குடோன் இருக்கிறது, கடை இணைப்பில் தனி பாயிண்ட் போட்டுத் தடித்த வயர் இழுத்தோம். வண்டி நிற்கச் சொந்த இடம் இல்லாதவரை எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்.

ஒட்டன்சத்திரம்_காய்:
ஊர்ப்பக்கம் இடத்துக்குப் பஞ்சமில்லை, களத்திலேயே நிறுத்தலாம். இங்கே பிரச்சினை எடை. தக்காளி வரத்து அதிகமான நாளில் 25 கிலோ பெட்டி 40 ஏற்றி விடுவார்கள், ஒரு டன் ஆகிவிடும். தப்புதான், ஆனால் பெட்ரோல் வண்டி முக்கி முனகி மார்க்கெட் போய்ச் சேரும், திரும்பி வர எண்ணெய் போட்டால் போதும். மின்சார வண்டியில் அதே எடைக்குச் சார்ஜ் கண்ணெதிரே இறங்கும், திரும்புகிற வழியில் ஏற்ற இடம் கிடையாது. இலவச பம்ப்செட் இணைப்பில் ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பிடித்தால் அபராதம்.

கணக்கு_நோட்டு:
750 கிலோ வண்டியில் ஒரு டன் ஏற்றினால் பெட்ரோல் வண்டிக்கும் ஸ்பிரிங் பட்டையும் டயரும் போகும் அண்ணே, அந்தச் செலவை யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

மாதவரம்_லோடு:
எழுதாவிட்டாலும் பட்டை கட்டத் தெரிந்த மெக்கானிக் தெருவுக்குத் தெரு இருக்கிறார். பேட்டரியில் பிரச்சினை என்றால் கம்பெனி ஆள் வரும்வரை வண்டி நிற்கும், தவணை நிற்காது. எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் பழைய மின்சார லோடு ஆட்டோவை விற்கப் போனபோது, வாங்க வந்தவருக்கு ஃபைனான்ஸ் போட ஒருவரும் முன்வரவில்லை. நான்கு வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல ஆள் இருந்தால் நானும் யோசிக்கிறேன்.

கணக்கு_நோட்டு:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் விற்கிற விலையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. போன மூன்று மாதத்தில் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று மீட்டரைப் பார்த்து இங்கே போடுங்கள். தினம் 70 கி.மீ.க்குக் கீழே வந்தால் 4.99 லட்சத்துக்கு வந்த சிஎன்ஜி வண்டியைத் தனியாக அலசலாம்.