திருகோணமலையில் உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) போனவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

உட்துறைமுக வீதி அக்கா:
சண்டை முற்றித்தான் இவரும் நானும் போனோம். அங்கே இருந்த அம்மா ஒரு விதி வைத்தார்: ஒருவர் சொன்னதை மற்றவர் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும், பதில் அதற்குப் பிறகுதான். இவர் "அது அப்படியில்லை" என்று தொடங்க, அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். திரும்பவும் தொடங்கினார்: "கடலால வந்தா நான் சோறு கேக்கிறன், நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்கிறேல்லை எண்டு சொல்லுறா." அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அடுத்த தவணைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அந்த நேரம் அவர் மனதில் என்ன ஓடியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூதூர் மகள்:
நாங்கள் குடும்பமாகப் போனோம். அண்ணா காணாமல் போனது பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அங்கே இருந்த உளவளத்துணை அக்கா பெரிய தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், இறந்தவருக்கு உள்ளே குறுக்குக்கோடு. அப்பப்பா, அப்பம்மா, அப்பா எல்லோருக்கும் கோடு விழுந்தது. அண்ணாவின் சதுரத்தில் பென்சில் நின்றது. "இதை எப்படிப் போடுவம், அம்மா?" என்று கேட்டார். அம்மா பென்சிலை வாங்கி, கோடு போடாமல், சதுரத்தின் நாலு பக்கத்தையும் அழுத்தி அழுத்தித் திரும்ப வரைந்தா. தாள் கிழிந்துவிடும் போல இருந்தது. அக்கா தடுக்கவில்லை. இப்படி முடிவு தெரியாத இழப்பைப் பற்றி போலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களிலேயே ஆராய்ந்தவராம், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை வைத்து. 'மறந்துவிடு' என்று சொல்லாத முதல் ஆள் அந்த அக்காதான்.

கிண்ணியா தம்பி:
உட்துறைமுக வீதி அக்கா, அவர் வரவில்லை என்று அப்படியே விட்டது சரியில்லை. ஆம்பிளைக்கு முதல் நாளே மனைவி முன்னால் வாய் திறப்பது லேசு இல்லை. தனியாக ஒரு தவணை கேட்டிருக்கலாம். நான் போன இடத்தில் நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்தான். அந்தப் பக்கம் யாரோ இருமினார், எங்கள் தெருக்காரர் குரல். நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கதவு மூடுகிற அறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார்கள், காசு இல்லை. மருந்து எழுதுவது மனநல வைத்தியர், உளவளத்துணையாளர் இல்லை. இரண்டும் தேவைப்படுகிற ஆட்களும் உண்டு. வீட்டில் அடி உதை இருந்தால் சோடியாகப் போய் உட்காராதீர்கள்; அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். தனியாகப் போய் அதை முதலில் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். மூதூர் மகள், 2016 சட்டத்துக்குப் பிறகு மரணச் சான்றிதழ் எடுக்காமலே, காணவில்லை என்று பதிந்த சான்றிதழ் எடுக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

நிலாவெளி:
தம்பி, மூதூர் மகள் சான்றிதழா கேட்டா?

எனக்கு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்குப் போக ஏலாது. முதல் போன இடத்தில் எல்லோருக்கும் ஒரே மூச்சுப்பயிற்சி, வரிசையாக உட்காரவைத்து. இரண்டாவதாகப் பார்த்தவர் என்னிடம் கேட்டார், எது முதலில் பயப்படுத்துகிறது என்று. சத்தம்தான், தண்ணீர் இல்லை. அப்புறம் அலைச்சத்தம் மட்டும் கேட்கிற தூரத்தில், பனைகளுக்குப் பின்னால் என்னோடு நின்றார். "பயம் பத்துக்கு எத்தனை?" எட்டு என்றேன். "சரி, ஓடாமல் நிற்பம்." கால் நடுங்க நின்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார். நாலு என்று என் வாயில் வந்தபோது நானே நம்பவில்லை. அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம் கிட்ட.

உட்துறைமுக வீதி அக்கா:
கிண்ணியா தம்பி, நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்தை அவர் வாயால் கேட்டதே எனக்குப் பெரிய காரியம். இந்தக் கிழமை நான் மட்டும் போகலாம் என்று இருக்கிறேன். சோடியாகத் தொடங்கிய இடத்திலேயே தனியாகப் போனால், நான் சொல்வதைப் பிறகு அவரிடம் சொல்வார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.