686 பிளஸ்ஸா, பெர்ஃபார்மன்ஸ் சென்டரா? ‘ட்யூன்’ செய்த ரிவால்வருக்குக் கூடுதல் விலை தகுமா?

புதுச்சுழலி:
டெக்சாஸில் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். பக்கத்துக் கடையில் நான்கு ரிவால்வர்கள் பார்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே .357 மேக்னம்.

ஸ்மித் அண்ட் வெசன் 686 பிளஸ், 4 அங்குலம், 7 தோட்டா: 950 டாலர்.
அதே 686, பெர்ஃபார்மன்ஸ் சென்டர் (ஸ்மித் அண்ட் வெசனின் தனிப்பட்டறை) பதிப்பு: 1,200.
பெர்ஃபார்மன்ஸ் சென்டர் 627, 5 அங்குலம், 8 தோட்டா: 1,400.
கோல்ட் பைத்தான், 4.25 அங்குலம், 6 தோட்டா: 1,500.

மாதம் ஒன்றிரண்டு யுஎஸ்பிஎஸ்ஏ (இடம் மாறி மாறி வேகமாகச் சுடும் போட்டி) கிளப் மேட்ச், மற்ற நாளில் ரேஞ்சில் .38 ஸ்பெஷல் (.357 துப்பாக்கியிலும் சுடக்கூடிய, வேகம் குறைந்த தோட்டா), அவ்வளவுதான் பயன்பாடு. சுட்ட கேஸில் (பித்தளைக் கூட்டில்) மருந்து நிரப்பி வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் ரீலோடிங் செய்வதில்லை. தொழிற்சாலையிலேயே ஆக்‌ஷன் (ட்ரிக்கரையும் ஹேமர் என்னும் சுத்தியையும் இயக்கும் உள்பாகங்கள்) ட்யூன் செய்தது என்பதற்காக 250 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாமா? இல்லை, சாதாரண 686 வாங்கி கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி மெக்கானிக்) கொடுத்தால் அதே ட்ரிக்கர் வந்துவிடுமா?

ரேஞ்ச்_ஓரம்:
ட்ரிக்கரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ட்ரிக்கரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சிலிண்டரை மாற்ற முடியாது.

யுஎஸ்பிஎஸ்ஏ ரிவால்வர் பிரிவில் 6 தோட்டாவுக்கு மேல் ஏற்றினால் மைனர் ஸ்கோரிங்தான் (இலக்கின் நடுவில் படாத அடிக்கு மதிப்பெண் குறைவு). 7 ஏற்றினாலும் மைனர், 8 ஏற்றினாலும் மைனர். ஆனால் ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று) அமைப்பவர்கள் ஓர் இடத்தில் நின்று சுட வேண்டியதை 8 ஹிட்டுக்குள் வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். 8 தோட்டாக்காரர் சுட்டு முடித்து, அடுத்த இடத்துக்கு ஓடும்போதே ரீலோட் செய்துவிடுவார் (சிலிண்டரை மறுபடி நிரப்பிவிடுவார்). 7 தோட்டாக்காரர் கடைசி ஒரு தோட்டாவுக்காக நின்ற இடத்திலேயே ரீலோட் செய்ய வேண்டும். அதுவும் ஒரு மிஸ்கூட இல்லாமல் சுட்டால். ஆக இந்த ஆட்டத்துக்கு 7 தோட்டா 686 இரண்டுங்கெட்டான். மைனரின் குறை முழுக்க வருகிறது, எட்டின் பலன் வருவதில்லை.

அடுத்தது மூன் கிளிப், அதாவது எல்லாத் தோட்டாவையும் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாகச் செருக உதவும் மெல்லிய தகடு. 627இன் சிலிண்டர் மூன் கிளிப்புக்கு வெட்டப்பட்டே வரும், பெர்ஃபார்மன்ஸ் சென்டர் 686உம் அப்படித்தான். சாதாரண 686 பிளஸ் அப்படியில்லை. ஸ்பீட்லோடர் (தோட்டாக்களை உள்ளே விட்டுவிட்டுக் கையில் தனியாக வந்துவிடும் பிடி) வைத்துக்கொண்டு மூன் கிளிப்காரர்களோடு போட்டி போடுவது சைக்கிளில் பைக்கைத் துரத்துவது மாதிரி. பிறகு வெட்டிக்கொள்ளலாம், வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூலி, சிலிண்டரை அனுப்பும் செலவு, சில வாரக் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் அந்த 250இல் பாதி போய்விடும்.

மேட்சுக்குத்தான் என்றால் 627. வெறும் ரேஞ்சுக்கு என்றால் சாதாரண 686 பிளஸ்ஸே தாராளம். நடுவில் இருக்கும் 1,200 டாலர் துப்பாக்கி யாருக்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அரம்:
ரேஞ்ச்_ஓரம் சிலிண்டரைப் பற்றிச் சொன்னது சரி. ட்ரிக்கர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

புதுப்பெட்டியில் வரும் சாதாரண 686இன் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு (ட்ரிக்கரை ஒரே இழுப்பில் இழுத்து ஹேமரை ஏற்றி விழவைக்கத் தேவையான விசை) 12 பவுண்டு சுற்றி இருக்கும், சிலது அதற்கும் மேல். பெர்ஃபார்மன்ஸ் சென்டர் என்றதும் 8 பவுண்டு இருக்கும் என்று நினைத்துப் போகிறார்கள். இருக்காது. தொழிற்சாலை அனுப்பும் துப்பாக்கி கடையில் விற்கும் எந்தத் தோட்டாவையும் வெடிக்கவைத்தாக வேண்டும், சிசிஐ கம்பெனியின் கடினமான பிரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் வெடிக்கும் மூடி) உட்பட. அதனால் மெயின்ஸ்பிரிங்கில் (ஹேமரை அடிக்கவைக்கும் ஸ்பிரிங்) ஓரளவுக்குமேல் கைவைக்க மாட்டார்கள். இழுப்பின் எடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. கரகரப்பு குறைந்திருக்கும், ட்ரிக்கருக்குப் பின்னால் ஓவர்டிராவல் ஸ்டாப் (ஹேமர் விழுந்த பிறகு ட்ரிக்கர் மேலும் பின்னால் போகாமல் தடுப்பது) இருக்கும், சில மாடல்களில் யோக் (சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கை) பக்கம் பால் டிடென்ட் லாக்கப் (சிறு உருண்டை குழியில் அமர்ந்து பூட்டுவது) இருக்கும். கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் வெளியில் செய்யச் சிரமமானது.

கன்ஸ்மித் ஆக்‌ஷன் ஜாப் பொதுவாக 150 முதல் 300 டாலர். அதில் நடப்பது இதுதான்: ரீபவுண்ட் ஸ்லைடின் (ட்ரிக்கரை முன்னால் திருப்பித் தள்ளும் பாகம்) அடிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் மெருகேற்றுவார்கள். ஏறத்தாழ 18 பவுண்டு ரீபவுண்ட் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 14 அல்லது 15 போடுவார்கள். விசை குறைந்த மெயின்ஸ்பிரிங், தேவைப்பட்டால் நீளமான ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி). இப்படிச் செய்தால் 8, 9 பவுண்டுக்கு நம்பகமாக வரும். 6 பவுண்டு வேண்டுமென்றால் ஃபெடரல் கம்பெனியின் மென்மையான பிரைமரைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது. நீங்கள் ரீலோடிங் செய்யாதவர், கிடைத்த பெட்டியை வாங்கிச் சுடுபவர். 9க்குக் கீழே போகாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடாத இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பிடியின் முன்பக்கம் அடியில் இருக்கும் ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்துவது. ட்ரிக்கர் உடனே லேசாகும், எல்லோருக்கும் சந்தோஷம். சுடச்சுட அது தானாக இன்னும் கழன்று, மேட்ச் நடுவில் ‘டிக்’, தோட்டா வெடிக்காது. அந்த ஸ்க்ரூ முழுக்க இறுகியிருக்க வேண்டும், எடையை ஸ்பிரிங் மாற்றித்தான் குறைக்க வேண்டும். இரண்டு, ஹேமரின் சிங்கிள் ஆக்‌ஷன் நாட்ச்சை (இழுத்து வைத்த ஹேமரைப் பிடித்துவைக்கும் வெட்டு) அரத்தால் தேய்ப்பது. ஆழமே அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குதான். கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தாலும், இழுத்து வைத்த ஹேமரைக் கட்டைவிரலால் தள்ளினாலே விழும். ஆபத்து. என் பெயர் அரம்தான், ஆனால் அங்கே அரத்துக்கு வேலை இல்லை.

ரீபவுண்ட் ஸ்பிரிங்கை 12, 13 என்று இறக்கிக்கொண்டே போனால் ட்ரிக்கர் முன்னால் திரும்பி வருவது மந்தமாகும். வேகமாகச் சுடும்போது பாதி தூரம் வந்ததுமே விரல் மறுபடி இழுத்துவிடும், சிலிண்டர் சிக்கும். இதைத் துப்பாக்கியின் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

நீலப்பைத்தான்:
பைத்தானை யாரும் கவனிக்கவே இல்லையே! 1955இல் வந்து, இடையில் நின்றுபோய், 2020இல் திரும்பி வந்த மாடல். இப்போதைய வடிவத்தில் உள்ளே 14 பாகங்கள் குறைவு. பெட்டியிலிருந்து எடுத்ததுமே டபுள் ஆக்‌ஷன் 9 பவுண்டு சுற்றித்தான் இருக்கும், இழுப்பு முழுக்க ஒரே சீர். கன்ஸ்மித் தேவையே இல்லை. ட்ரிக்கருக்காகப் பணம் கொடுப்பதென்றால் இந்த நான்கில் பைத்தானுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ரேஞ்ச்_ஓரம்:
ட்ரிக்கருக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு தோட்டா, மூன் கிளிப் வெட்டு இல்லை. ஸ்மித்துக்குக் கிடைக்கும் ஸ்பிரிங், சைட், ஹோல்ஸ்டரில் பாதி இதற்குக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக இலக்குப் பலகை சுட அருமையான துப்பாக்கி. அவர் கேட்டது மேட்சுக்கு.

புதுச்சுழலி:
நன்றி. அப்படியானால் 627 பக்கம் சாய்கிறேன். கடையில் கையில் வாங்கியதும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? 1,400 கொடுத்துவிட்டு வாரண்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

ஃபீலர்கேஜ்:
விலை கூடிய மாடல் என்பதால் சோதிக்காமல் வாங்கிவிடாதீர்கள். ‘ட்யூன்’ என்ற சொல் பெட்டி மேல் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கி எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, காலியாக இருப்பதை இருவரும் பார்த்துவிட்டு, ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில் டைமிங், அதாவது ஒவ்வோர் அறையும் சரியான நேரத்தில் பேரலுக்கு நேராக வந்து பூட்டுகிறதா என்பது. சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக வைத்து, மெல்ல உரசும்படி பிடித்துக்கொண்டு, ஹேமரை மிக மெதுவாகக் கட்டைவிரலால் இழுங்கள். ஹேமர் முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டும். எட்டு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் குழம்பாது. ஏழு பூட்டி ஒன்று பூட்டாமல் இருப்பது சாதாரணமாக வரும் குறை. அந்த அறையிலிருந்து சுடும்போது தோட்டா பேரலுக்குள் நேராக நுழையாமல் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும், ஈயத்துணுக்கு பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும்.

அடுத்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி. 0.004 முதல் 0.008 அங்குலம் வரை நல்லது, 0.010ஐத் தாண்டினால் வேண்டாம். சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒருமுறை, முன்னால் தள்ளி ஒருமுறை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எண்ட்ஷேக். புதுத் துப்பாக்கியில் அது 0.002க்கு மேல் இருக்கக்கூடாது.

பிறகு ஹேமரை இழுத்து வைத்து, ட்ரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் பின்னாலிருந்து மிதமாகத் தள்ளுங்கள். விழுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேரல் சாய்ந்து திருகப்பட்டிருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். முன் சைட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குறி சேர்க்கப் பின் சைட்டை ஓர் ஓரத்துக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ட்ரிக்கர் எடையைக் கடையில் அளக்க நினைத்தால் ஒரு விஷயம்: லைமேனின் டிஜிட்டல் கேஜ் 12 பவுண்டு வரைதான் காட்டும். டபுள் ஆக்‌ஷன் அதையும் தாண்டினால் எண்ணே வராது. அதுவும் ஒரு பதில்தானே!

அரம்:
வாங்கிய பிறகு ‘டிக்’ வந்தால், முதலில் அது எப்படி வருகிறதென்று பாருங்கள். இரண்டாவது அடியில் வெடித்தால் பெரும்பாலும் பிரைமர் முழுக்க உள்ளே உட்காராமல் இருந்திருக்கும், முதல் அடி அதை உட்காரவைக்கவே செலவாகிவிடும். பிரைமரில் விழுந்த அடையாளம் ஆழமில்லாமல் எல்லா அறையிலும் மாறிமாறி வந்தால் ஸ்பிரிங் அல்லது ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூ. எப்போதும் ஒரே அறையில் வந்தால் சிலிண்டரில் கோளாறு, திருப்பி அனுப்புங்கள். மூன் கிளிப்பில் மட்டும் வந்து, தனித் தோட்டாவில் வராவிட்டால் கிளிப் வளைந்திருக்கிறது.

ரேஞ்ச்_ஓரம்:
கிளிப்பைப் பற்றி இன்னொன்று. .38 ஸ்பெஷல் கேஸ்களின் விளிம்புப் பள்ளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டார்லைன் கம்பெனிக் கேஸுக்குப் பொருந்தும் கிளிப்பில் வேறொன்று லொடலொடக்கும், அல்லது நுழையவே நுழையாது. ஒரே கம்பெனித் தோட்டா, அதற்கேற்ற கிளிப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீலர்கேஜ்:
தோட்டா பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? சாதாரண 158 கிரெய்ன் (புல்லட்டின் எடை) .38 பெட்டியில் நொடிக்கு 755 அடி வேகம் என்று போட்டிருப்பார்கள். 158ஐ 755ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 119.3. யுஎஸ்பிஎஸ்ஏ மைனருக்கு இந்த எண் 125 வேண்டும். கிரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைக்கும் பெரிய மேட்சுக்குப் போனால் ஸ்கோரே கிடையாது. ரீலோட் செய்பவர் என்றால் அதே புல்லட்டை 800 அடிக்கு ஏற்றி 126.4 வாங்கிவிடுவார். இன்னும் கெட்டிக்காரர்கள் 627இல் .38 ஷார்ட் கோல்ட் கேஸைப் போட்டுச் சுடுகிறார்கள், குட்டைக் கேஸ் என்பதால் உள்ளே போவதும் வெளியே விழுவதும் வேகம். நீங்களோ ரீலோடிங் செய்வதில்லை.

அப்படியானால் உங்கள் பட்டியலில் இல்லாத பெர்ஃபார்மன்ஸ் சென்டர் 929ஐப் பாருங்கள். 9 மி.மீ., 8 தோட்டா, 6.5 அங்குல பேரல். கடையில் மலிவாகக் கிடைக்கும் 115 கிரெய்ன், 1,150 அடி என்றால் 132 வந்துவிடும். 9 மி.மீ.க்கும் .38க்கும் பெட்டி விலையில் இருக்கும் வித்தியாசம், நீங்கள் கேட்ட 250 டாலரைச் சில மாதத்தில் திருப்பித் தரும்.

இரண்டு எச்சரிக்கை: சிலிண்டர் டைட்டானியம், அறைகளைச் சுரண்டும் பிரஷ்ஷாலோ உரசும் பேஸ்ட்டாலோ துடைக்கக்கூடாது. புதுத் தோட்டா வகை வாங்கும்போது ஏழு சுட்டுவிட்டு, எட்டாவதை வெளியே எடுத்து நீளம் அளங்கள். ரிகாயிலில் (சுடும்போது வரும் உதைப்பில்) புல்லட் முன்னால் நகர்ந்திருந்தால் அந்த வகை வேண்டாம், ஒருநாள் சிலிண்டரைச் சுற்றவிடாமல் பூட்டிவிடும்.

நீலப்பைத்தான்:
விசாவில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால்: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வாங்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டுகாரருக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் பெயரில் வாங்கிக்கொள்வது குற்றம். கடையில் வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் அதை நேரடியாகவே கேட்பார்கள், உண்மையாக நிரப்புங்கள்.

புதுச்சுழலி:
கிரீன் கார்டுதான் அண்ணா, கவலையில்லை. 929ஐ யோசிக்கவே இல்லை. கடையில் இருக்கிறதா என்று நாளை கேட்கிறேன். ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஃபீலர்கேஜ்:
0.004, 0.006, 0.008, 0.010 நான்கு தகடு போதும். எண்ணெய் துடைத்துவிட்டுச் செருகுங்கள், எண்ணெய்ப் பூச்சோடு அளந்தால் இடைவெளி குறைவாகக் காட்டும்.