புதுப்பிப்பு: ஊழியப் பயணம் முடிந்து திரும்பி மூன்று மாதம்

மிஷனெரி ஊழியம் முடிந்து வந்தும் மனம் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டது, சொந்த வீடே அந்நியமாகத் தெரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். தேற்றியவர்களுக்கு நன்றி. ஏக்கம் இன்னும் தீரவில்லை. சென்ற ஞாயிறு ஆராதனையில் பழகிய மெட்டு எழுந்ததும் என் உதடுகள் அந்த மக்களின் மொழியில்தான் பாடின. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்; எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒருவர் சொன்னபடி வேதாகமத்தில் அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரம் வாசித்தேன். பவுலும் பர்னபாவும் ஊழியப் பயணம் முடிந்து, தங்களை அனுப்பிய சபை இருந்த அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டி, நடந்ததையெல்லாம் அறிவித்தார்கள்; பிறகு சீஷர்களோடு அநேக நாள் அங்கேயே தங்கினார்கள். இத்தனை வருடம் வாசித்தும் அந்தக் கடைசி வசனத்தை நான் கவனித்ததே இல்லை! போதகரிடம் கேட்டேன்; வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பேச அரைமணி நேரம் தந்திருக்கிறார். கிளம்பும் நாளில் ஒரு பாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு விடாமல் நின்றாரே, அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.